நாங்கள் வீணாக்கிய இரண்டு நாட்கள்

அந்தத் தாய் பள்ளிக்கு வந்தது ஒரு திங்கட்கிழமை காலை. வழிபாட்டுக் கூட்டம் முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். ஒயர் கூடைக்குள்ளிருந்து கைப்பேசியை எடுத்தவர் அதை என்னிடம் நீட்டவில்லை. சேலைத் தலைப்பால் மறைத்துப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் மட்டும் பாருங்கள் டீச்சர்" என்றார். எட்டாம் வகுப்பில் என்னிடம் படிக்கும் அவருடைய மகளின் முகம். கழுத்துக்குக் கீழே இருந்தது வேறு யாருடைய உடலோ. துணியில்லாத உடல்.

அந்த முகத்தை எங்கிருந்து எடுத்திருப்பார்கள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சரசுவதி பூசையன்று பாவாடை தாவணியில் எடுத்துக்கொண்ட படம் அது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அவளுடைய எண்ணுக்குப் பக்கத்தில் வட்டமாகத் தெரிந்துகொண்டிருந்தது. அந்தக் குழுவைத் தொடங்கியவள் நான்தான்.

இது 2023-இல் நடந்தது. மதுரை நகருக்குள் இருக்கும் ஓர் உதவி பெறும் பள்ளி என்பதற்கு மேல் அடையாளம் எதுவும் சொல்லமாட்டேன். அடையாளம் காட்டிவிடக்கூடிய சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். பாதிக்கப்பட்ட குழந்தையாக இருந்தாலும் குற்றம் செய்த குழந்தையாக இருந்தாலும், பெயர், படம், முகவரி, பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக்கூடாது என்று 2015-ஆம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு சொல்கிறது. "இந்தச் சிறுமிக்கு நீதி வேண்டும்" என்று நல்லெண்ணத்தோடு படத்தைப் பகிர்கிறவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். எங்கள் தெருவிலேயே அப்படிப் பகிர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு என்பது கொரோனாவில் வந்த பழக்கம். பள்ளி திறந்த பிறகும் வீட்டுப்பாடம், விடுமுறை அறிவிப்பு, சீருடைத் தகவல் எல்லாவற்றுக்கும் அதுவே வசதியாக இருந்ததால் நாங்கள் விடவில்லை. நாற்பத்தொரு எண்கள். பெயரளவில் எல்லாம் பெற்றோர் எண்கள்தான், ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் கைப்பேசி யார் கையில் இருக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? அந்த எண்களை எடுத்துத்தான் மூன்று பையன்கள் தனியாக ஒரு குழு தொடங்கினார்கள். அதில் பதினேழு பேர். முதலில் ஆசிரியர்களின் படத்தை வைத்து ஸ்டிக்கர் செய்தார்கள். பிறகு வகுப்புப் பெண்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். கடைசியில் ஏதோ ஒரு செயலியைக் கொண்டு இந்தப் படத்தை உருவாக்கினார்கள். அவள் பெயரில் இன்ஸ்டாகிராமில் ஒரு போலிக் கணக்கும் திறந்திருந்தார்கள். அதில் முன்பின் தெரியாத ஆண்கள் அவளுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். அவள் மூன்று நாட்களாகப் பள்ளிக்கு வராததற்குக் காய்ச்சல் என்று நான் வருகைப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் குறித்து வைத்திருந்தேன்.

எங்கள் தலைமையாசிரியர் கெட்டவர் அல்லர். சாப்பிடாமல் வரும் பிள்ளைகளுக்குச் சொந்தப் பணத்தில் இட்லி வாங்கிக் கொடுப்பவர். அவர் சொன்னது இது: "வீட்டில் வைத்துச் செய்திருக்கிறார்கள். போன் அவர்கள் அப்பா வாங்கிக் கொடுத்தது. செய்தது விடுமுறை நாள் ராத்திரி. இதில் பள்ளி எங்கே வருகிறது டீச்சர்? பெற்றோரைக் கூப்பிட்டு எழுதி வாங்கிக்கொண்டு சமாதானமாக முடித்துவிடுவோம். காலாண்டுத் தேர்வு வேறு வருகிறது. அந்தப் பெண் பிள்ளையின் பெயரும் கெடாமல் இருக்கும்." எனக்கு அது சரியாகவே பட்டது. இருபது ஆண்டு வேலை பார்த்தவள், பதில் ஒன்றும் சொல்லாமல் தலையாட்டினேன்.

அதன்பின் நாங்கள் செய்த ஒவ்வொன்றும் தவறு. அந்தச் சிறுமியை வரவழைத்து, தலைமையாசிரியர் அறையில் நான்கு ஆசிரியர்கள் முன்னால் நிற்க வைத்து, என்ன நடந்தது என்று கேட்டோம். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு சொல்கூட வரவில்லை. பிறகு பையன்களை வரவழைத்து எங்கள் கண் முன்னாலேயே படத்தை அழிக்கச் சொன்னோம். குழுவையும் கலைக்கச் சொன்னோம். எங்களுக்கு நிம்மதியாக இருந்தது. யார் எப்போது யாருக்கு அனுப்பினார்கள் என்பதற்கு இருந்த சாட்சியத்தை நாங்களே அழித்தோம் என்பது பிறகுதான் புரிந்தது. இதற்கிடையில் உடன் வேலை பார்க்கும் ஒருவர், "நிர்வாகத்துக்குக் காட்ட வேண்டும்" என்று அந்தத் தாயின் கைப்பேசியிலிருந்து படத்தைத் தன் எண்ணுக்கு அனுப்பிக்கொண்டார். அவர் மனத்தில் தப்பான எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு குழந்தையின் அப்படிப்பட்ட படத்தை மின்னணு வழியில் அனுப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-பி பிரிவுக்குள் வருகிற விஷயம். முதல் முறையே ஐந்து ஆண்டு வரை சிறையும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடமுண்டு.

செவ்வாய்க்கிழமை இரவு என் அக்கா கணவரிடம் போனில் இதைச் சொன்னேன். உலகனேரியில் இருக்கும் உயர் நீதிமன்றக் கிளையில் வழக்கறிஞராக இருக்கிறார். முழுவதையும் கேட்டுவிட்டு, "போலீசுக்குச் சொன்னீர்களா?" என்றார்.

"இன்னும் இல்லை அத்தான். விசாரித்துக்கொண்டிருக்கிறோம்."

"விசாரிக்கச் சொல்லி உங்களை யார் கேட்டது? தெரிந்தவுடன் சொல்ல வேண்டும். அதுதான் சட்டம் உங்களிடம் கேட்பது. இரண்டு நாள் ஆகிவிட்டது."

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க வந்த, போக்சோ என்று நாம் சொல்லும் 2012-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19-ஆம் பிரிவை அவர் வாசித்துக் காட்டினார். அது 'எந்த நபரும்' என்றுதான் சொல்கிறது. பள்ளி வளாகம், பள்ளி நேரம், பள்ளிக் கைப்பேசி என்ற சொற்கள் அதில் எங்கும் இல்லை. குற்றம் நடந்தது என்று தெரிந்தால் மட்டுமல்ல, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலே சிறப்பு இளஞ்சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். தெரிவிக்காமல் விட்டால் 21-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். குற்றம் செய்தவர் ஓர் ஆசிரியரோ ஊழியரோ ஆக இருந்து, அதை நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் மறைத்தால் ஓர் ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மீது அதற்காக வழக்குப் போட முடியாது என்றும் அதே 19-ஆம் பிரிவு சொல்கிறது. தகவல் சொல்லாததற்காகக் குழந்தைகளைத் தண்டிக்க முடியாது. ஆகவே அந்தப் பதினேழு பேரில் பார்த்துவிட்டுச் சும்மா இருந்த பிள்ளைகளை அந்தப் பிரிவைச் சொல்லி மிரட்ட எங்களுக்கு உரிமை இல்லை. பெரியவர்களாகிய எங்களுக்கு மட்டும் தப்பிக்க வழியில்லை.

"படம் போலிதானே அத்தான், அவள் உடல் இல்லையே" என்றேன். 2019-இல் போக்சோவைத் திருத்தியபோது, கணினியில் உருவாக்கிய படத்தையும், மாற்றியமைத்துக் குழந்தைபோலத் தோன்றும்படி செய்த படத்தையும் சேர்த்துத்தான் வரையறை எழுதியிருக்கிறார்கள் என்றார். எனக்கு இன்னொரு பயமும் இருந்தது: குழுவின் அட்மின் நான். என்மேல் வழக்கு வருமா? அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. ஒருவர் குழுவின் அட்மினாக மட்டும் இருந்தால், வேறொருவர் இட்ட பதிவுக்காக அவரைக் குற்றவாளியாகச் சேர்க்கக்கூடாது என்று 2021 டிசம்பரில் நம் மதுரைக் கிளையே சொல்லியிருக்கிறது. "ஆனால் அது பதிவு போட்டதைப் பற்றி. தெரிந்தபின் வாயை மூடிக்கொண்டிருந்ததைப் பற்றி இல்லை" என்று சேர்த்துக்கொண்டார். மகாராஷ்டிரத்தில் விடுதி மாணவியர் பாதிக்கப்பட்ட ஒரு வழக்கில், தெரிந்தும் தெரிவிக்காமல் இருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட மருத்துவர்மீதான வழக்கை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை, 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை என்பதையும் சொன்னார். அன்று இரவு நான் தூங்கவில்லை.

புதன்கிழமை காலை தலைமையாசிரியரிடம் போய், "நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் நான் போகிறேன் சார்" என்றேன். இந்தக் கடமை ஒவ்வொருவர் தலைமீதும் தனித்தனியாக இருக்கிறது. "மேலே சொல்லிவிட்டேன்" என்பதோடு ஆசிரியரின் பொறுப்பு தீர்ந்துவிடுவதில்லை. ஆசிரியர்கள் இதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்வது நல்லது. அவர் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பள்ளியின் முத்திரையையும் எடுத்துக்கொண்டு கூடவே வந்தார். அதற்காக இன்றும் அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

காவல் நிலையத்தில் அரை நாள் போனது. சிறுமியின் வீடு தேனி சாலையில், மாநகரக் காவல் எல்லைக்கு வெளியே. பள்ளி உள்ளே. எல்லை யாருடையது என்ற பேச்சு வந்தது. பிறகு, "சி.எஸ்.ஆர். ரசீது போட்டுத் தருகிறோம், அப்புறம் பார்ப்போம்" என்றார்கள். அது புகார் வந்தது என்பதற்கான ரசீதுதான், முதல் தகவல் அறிக்கை அல்ல. பிடியாணை இல்லாமலே காவல் துறை கைது செய்யத்தக்க குற்றத்தில் எல்லையைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக்கூடாது. போக்சோ தகவல் ஒவ்வொன்றுக்கும் பதிவு எண் கொடுத்து, எழுதி, தகவல் கொடுத்தவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். இதை அத்தான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். நான் அதைப் பார்த்துத்தான் பேசினேன். குரல் நடுங்கியது. மாலை நான்கு மணிக்கு முதல் தகவல் அறிக்கையின் நகல் அந்தத் தாயின் கையில் இருந்தது. இன்று யாருக்காவது இப்படி நேர்ந்தால், 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு, எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பெற வேண்டும் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. மின்னணு வழியிலும் தகவல் கொடுக்கலாம்; மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம். தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்தில் குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம்.

அந்தச் சிறுமி காவல் நிலையப் படி ஏறவே இல்லை. வாக்குமூலத்தைக் குழந்தையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும், இயன்றவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும், சீருடையில் வரக்கூடாது என்பது சட்டம். அவள் சித்தி வீட்டைச் சொன்னாள். வந்த உதவி ஆய்வாளர் சாதாரணப் பருத்திச் சேலையில் வந்து, தரையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். எங்கள் நான்கு பேரிடம் வாயே திறக்காதவள் அவரிடம் ஒரு மணி நேரம் பேசினாள் என்று அவள் அம்மா சொன்னார்.

தடயத்தைப் பற்றி நான் கற்றுக்கொண்டது, எந்தப் பெற்றோருக்கும் உதவும். படம் எந்தக் கைப்பேசிக்கு வந்ததோ அதிலேயே இருக்கட்டும். யாருக்கும் அனுப்பாதீர்கள், "சான்றுக்காக" என்றும் பிரதி எடுக்காதீர்கள். படத்தை விட்டுவிட்டு, போலிக் கணக்கின் பெயர், அதன் இணைய முகவரி, குழு உறுப்பினர்களின் எண்கள், வந்த தேதி, நேரம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். கைப்பேசியைக் காவல் துறை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும். திரும்ப வர மாதக் கணக்காகும். அந்தத் தாய் வீட்டில் தையல் வேலை செய்பவர். வாடிக்கையாளர் எண்கள், அளவுகள் எல்லாம் அந்தப் போனில்தான் இருந்தன. கொடுப்பதற்கு முன் அவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்ல எனக்குத் தோன்றாமல் போனது. அந்தத் தீபாவளிக்கு அவருக்குப் பாதி வேலைதான் வந்தது.

போலிக் கணக்கை முடக்குவது நான் பயந்த அளவுக்குக் கடினமாக இல்லை. நிர்வாணமாகவோ ஆள்மாறாட்டமாகவோ ஒருவரைக் காட்டும் பதிவைப் பற்றி அவரோ அவர் சார்பில் வேறொருவரோ முறையிட்டால் 24 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் அந்த நிறுவனங்களுக்குச் சொல்லியிருந்தன. செயலிக்குள்ளேயே புகார் கொடுத்தோம். மறுநாள் கணக்கு இல்லை. 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையும் இருக்கிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கானது. அதில் படத்தை யாருக்கும் அனுப்ப வேண்டியதில்லை. நம் கருவியிலேயே படத்திலிருந்து ஓர் எண் அடையாளம் உருவாகி, அது மட்டும்தான் போகும். அந்தச் சேவையில் சேர்ந்துள்ள தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தேடி நீக்கும்.

இனி அந்தப் பையன்களைப் பற்றி. இதைச் சொன்னால் என்மீது கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், ஆனாலும் சொல்ல வேண்டும். அவர்களும் பதின்மூன்று வயதுக் குழந்தைகள். ஒருவனுடைய அப்பா பள்ளி வாசலிலேயே பெல்ட்டைக் கழற்றினார். நான் இடையில் போய் நின்றேன். இன்னொருவனுடைய அம்மா, "இனி இவனுக்கு அரசு வேலையே கிடைக்காதா டீச்சர்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்படி இல்லை. அவர்களுடைய விஷயம் இளஞ்சிறார் நீதிக் குழுமத்துக்குத்தான் போகும். அறிவுரை, குழு ஆலோசனை, சமூகப் பணி, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று திருத்தும் வழிகளையே சட்டம் முதலில் வைத்திருக்கிறது. அந்த வயதில் செய்த தவறு பிற்காலத்தில் தகுதியிழப்பு ஆகாது என்று இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு சொல்கிறது. காவல் துறைக்குச் சொன்னால் பையன்களின் வாழ்க்கை போய்விடும் என்ற பயம்தான் பள்ளிகளின் வாயைக் கட்டுகிறது. பயத்துக்கு இடமில்லாத அளவுக்கு அந்தச் சட்டத்தில் ஈரம் இருக்கிறது. அதை யாரும் பெற்றோருக்குச் சொல்வதில்லை.

நிர்வாகம் நினைத்தது வேறு. மூன்று பையன்களுக்கும் டிசி. கூடவே, "அவள் நன்மைக்காக" அந்தச் சிறுமிக்கும் டிசி. இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. தவறு செய்யாதவளை எதற்காக வெளியே அனுப்ப வேண்டும்? 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவின்படி எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்க முடியாது. இதைத் தலைமையாசிரியரே நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து சொன்னார். பையன்களை வேறு பிரிவுக்கு மாற்றினோம். இடைவேளை நேரத்தையும் மாற்றினோம். ஆலோசகர் ஒருவர் ஆறு வாரம் வந்தார். அவளை எந்தப் பிரிவுக்கும் மாற்றவில்லை. அவள் இருந்த இடத்தில் இருந்தாள்.

எல்லாத் தொல்லையும் போக்சோவுக்குள் வராது. அடுத்த ஆண்டே ஒரு பையனின் திக்கு வாயைப் பதிவு செய்து, பாட்டோடு சேர்த்துச் சுற்றவிட்டார்கள். அதைக் காவல் துறைக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் பள்ளிக்குப் பொறுப்பு இல்லை என்று ஆகிவிடுமா? எந்தக் குழந்தையையும் மன உளைச்சலுக்கு ஆளாக்கக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்கிறது. தன் பொறுப்பில் இருக்கும் குழந்தையை வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டு, அதனால் தேவையற்ற மன வேதனைக்கு ஆளாக்குவதை இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு கொடுமை என்கிறது. 2021-இல் ஒன்றியக் கல்வி அமைச்சகம் கொடுத்த பாதுகாப்பு வழிகாட்டுதல்களும் நிர்வாகத்தின் பொறுப்பைத் தனியாகப் பேசுகின்றன. அந்தப் பையன் விஷயத்தில் நாங்கள் அன்று மாலையே இரு வீட்டாரையும் தனித்தனியாக அழைத்தோம், எழுத்தில் பதிந்தோம், பதிவில் அவன் அம்மாவிடம் கையெழுத்து வாங்கினோம். ஒரு வாரம் கழித்து மறுபடி கேட்டோம். அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

வகுப்பு வாட்ஸ்அப் குழுக்களைக் கலைத்துவிட்டோம். இப்போது அறிவிப்புக் குழு மட்டும். ஆசிரியர் மட்டுமே செய்தி இடலாம், ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. ஆண்டு விழாப் படங்களைப் பள்ளியின் பக்கத்தில் போடுவதையும் நிறுத்தினோம். அதற்குப் பெற்றோரில் சிலருக்கே வருத்தம். பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போடும் 'மாணவர் மனசு' பெட்டி தலைமையாசிரியர் அறை வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது. ஓர் ஆண்டில் அதில் விழுந்தது இரண்டே சீட்டுகள். அங்கே நின்று எந்தப் பிள்ளை எழுதிப் போடும்? குடிநீர்க் குழாய்க்குப் பக்கத்துச் சுவருக்கு மாற்றினோம், முதல் மாதத்திலேயே பதினொரு சீட்டுகள். 1098, பள்ளிக்கல்வித் துறையின் 14417 ஆகிய எண்களை ஆசிரியர் அறையில் பாடவேளை அட்டவணைக்கு மேலே எழுதி வைத்திருக்கிறோம். அதற்குக் கீழே நானே எழுதிய ஒரு வரி: 'படத்தை அழிக்கச் சொல்லாதே, அனுப்பாதே, அன்றே தெரிவி.'

வழக்கு எப்படி முடிந்தது என்று எழுத எனக்கு உரிமை இல்லை.

அவள் இப்போது பத்தாம் வகுப்பு. சில வாரங்களுக்கு முன் வகுப்புப் படம் எடுத்தார்கள். வேப்ப மரத்தடியில் பெஞ்சு போட்டு, உயர வரிசைப்படி நிற்க வைத்தார் புகைப்படக்காரர். அவள் வரிசையிலிருந்து விலகி என்னிடம் வந்து, "டீச்சர், இந்தப் படம் யார் யாருக்குப் போகும்?" என்று கேட்டாள். புகைப்படக்காரரை அழைத்து அவள் முன்னிலையிலேயே சொன்னேன்: முப்பத்தெட்டுப் பிரதி, தாளில் மட்டும், போனில் யாருக்கும் அனுப்பக்கூடாது, அச்சானதும் கேமராவிலிருந்து என் கண் முன்னால் அழிக்க வேண்டும். அவர் சரி என்றார். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு போய் இரண்டாவது வரிசையில், தன் தோழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.